பதினான்காம் எண்ணுக்கு எதிரே ஒரு வெற்றுக் கட்டம்

லண்டனில் நான் இருந்தது ஏழு நாள். அதில் ஐந்து நாள் கால் வீங்கியிருந்தது. விமானத்தில் ஏறியபோது சரியாக இருந்த செருப்பு, இறங்கும்போது விரல்களை மட்டுமே ஏற்றுக்கொண்டது.

கொண்டு போனது ஒரு பெட்டி, ஒரு கைப்பை, ஓர் அட்டை உருளை. உருளைக்குள் ஒரே ஒரு காகிதம். விமான நிலையத்தில் அதிகாரி அதைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

"இது என்ன?"

"ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட். முப்பத்தேழு வருடம் பழையது."

"யார் ஜெயித்தார்கள்?"

"நாங்கள். ஒரு புள்ளியில்."

அவர் முத்திரை குத்திவிட்டார். இந்தப் பயணத்தில் என் காகிதத்தை யாரும் இவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

திருச்சியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. மாலையில் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவேன். இருபது வயதில் தொடங்கியது. சோமாலிய நாட்டு அணி எங்கள் ஊருக்கு வந்து மாவட்ட அணியோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடியபோது மேசையில் நான்தான் இருந்தேன். வெளிநாட்டு அணிக்கு நான் எழுதிய முதல் ஷீட் அது. அதனால் அதன் அசலை நானே வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பிற்பகல் நோர்பரியில் பத்மநாதன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பத்மன் யாழ்ப்பாணத்துக்காரன். பள்ளிக்கூட அணியில் ஆடியவன். ஊரில் இருக்க முடியாமல் திருச்சிக்கு வந்து இரண்டு வருடம் எங்களோடு மைதானத்தில் கிடந்துவிட்டு, அங்கிருந்து லண்டனுக்குப் போனான். இப்போது பஸ் ஓட்டுகிறான். அவனோடு அதே பணிமனையில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர் யூசுஃப் என்ற சோமாலியர். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, "இந்தியாவில் திருச்சி என்று ஓர் ஊர், அங்கே என் நாட்டுக்காக ஆடினேன்" என்று யூசுஃப் சொல்லியிருக்கிறார். "நானும் அண்டைக்கு அங்கைதான் நிண்டனான்" என்று பத்மன் துள்ளியிருக்கிறான். பழைய சோமாலிய வீரர்களின் பட்டியலில் சேர யூசுஃபுக்கு ஆடியதற்கான காகிதம் வேண்டும் என்று பிறகு எனக்குப் போன் வந்தது.

பத்மனின் மனைவி வசந்தி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். நான் உள்ளே நுழையும்போது அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "வாங்கோ அண்ணை. குறை நினையாதேங்கோ, ஷிப்டுக்குப் போறன். புட்டும் சம்பலும் மூடி வைச்சிருக்கிறன். இவரை நம்பியிருந்தால் பட்டினிதான் கிடப்பியள்."

புட்டு குழலில் வேகவைத்தது அல்ல. கிண்ணத்தில் குவித்து வைத்திருந்தது. எங்கள் பக்கம் சர்க்கரை போடுவோம். இங்கே மீன் குழம்பு. இரண்டு வாய் சாப்பிட்டதும்தான் எவ்வளவு களைப்பாக இருக்கிறேன் என்பது தெரிந்தது. பத்மன் கையைத் துடைத்துக்கொண்டு உருளையைத் திறந்தான். தாளை மேசைமேல் விரித்தான். சட்டென்று நிமிர்ந்தான்.

"என்னடா இது? குறி எங்கை?"

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். ஸ்கோர் ஷீட்டில் ஒவ்வொரு வீரரின் பெயருக்கும் எதிரே சின்னக் கட்டம் ஒன்று உண்டு. அவர் களத்தில் இறங்கியதும் ஸ்கோர் எழுதுபவர் அதில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். குறி இல்லையென்றால் அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார் என்று பொருள். சோமாலிய அணிக்கு அன்று ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். ஆறு கட்டங்களில் குறி இருந்தது. ஏழாவது பெயர் யூசுஃப், எண் பதினான்கு. கட்டம் வெறுமையாக இருந்தது.

"நீ போன்ல பேர் இருக்கான்னுதான் கேட்ட. இருக்குன்னு சொன்னேன்," என்றேன்.

"பேர் இருந்தாப் போதுமே? பட்டியல் எழுதிற பிள்ளை குறியைத்தானே பாக்கும். குறி இல்லாத தாளை என்னத்துக்கடா இவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்தனி?"

 கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என் பழக்கம். அதை நேர்மை என்று பலகாலமாக நினைத்துவந்தேன். போனில் சொல்லியிருந்தால் அந்தக் கிழவரின் கதை அன்றே முடிந்திருக்கும். நேரில் வந்தால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். நேரில் வந்தும் தோன்றியது தூக்கம்தான்.

"நீயும் ஆட்டத்தைப் பார்த்தியே. கடைசியில எத்தனை பேர் ஆடினாங்க?" என்று கேட்டேன்.

பத்மன் தாளைச் சுருட்டினான். "உண்மையைச் சொல்லட்டே? முடிய ரெண்டு நிமிசம் இருக்கேக்கை நான் வெளியிலை வடை வாங்கப் போயிட்டன்."

செவ்வாய்க்கிழமை பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைப் பார்க்கக் குரோய்டனுக்குப் போனோம். ரயிலில் போனால் சில நிமிடம். ரயில் ரத்து. அடுத்ததும் ரத்து. ஊழியர் குறைவு என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் வருத்தம் தெரிவித்தார். எங்கள் ஊரில் ரயில் தாமதமானால் மக்கள் கூடி நின்று நிலைய அதிகாரியைத் திட்டுவார்கள். இங்கே யாரும் யாரையும் பார்க்காமல் கலைந்து பஸ்ஸுக்குப் போனார்கள். பஸ்ஸும் பாதி வழியில் வேறு தெருவில் திரும்பியது. விடுமுறை நாளிலும் பத்மன் எழுந்து போய் டிரைவரிடம் வழி பேசிவிட்டு வந்தான்.

குரோய்டனில் அகதி மனுக்களைப் பார்க்கும் பெரிய அரசாங்கக் கட்டடத்தைக் கடந்தபோது பத்மன் கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினான். "உதுக்கு முன்னாலை விடிய நாலு மணிக்கு வந்து லைன்ல நிண்டனான். யூசுஃபும் இதே லைன்லதான் நிண்டவராம். எத்தினை முறை வந்து நிண்டது எண்டு எண்ணேலாது." 

அந்தப் பெண்ணின் பெயர் ஹோதன். முப்பத்தைந்து வயதிருக்கும். பள்ளி ஆசிரியை. நூலகத்தில் ஒரு மேசையைப் பிடித்து எங்களுக்காகக் காத்திருந்தார். எங்கள் ஊருக்கு வந்த சோமாலிய அணியின் கேப்டன் இவருடைய அப்பா. அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. தமிழரல்லாத எல்லோரோடும் ஆங்கிலத்தில்தான் பேசினேன். இங்கே தமிழில் தருகிறேன்.

ஹோதன் ஒரு கனமான கோப்பைத் திறந்து காட்டினார். கடலோரத் தலைநகரில் பள்ளிக்கூட முற்றங்களில் சிமெண்ட் தரை போட்டு ஆடியவர்களின் படங்கள். தங்கள் ஊரிலேயே நடந்த ஆப்பிரிக்கப் போட்டியில் மூன்றாவதாக வந்த அணியின் படம். வெளிர்நீலச் சட்டை, நெஞ்சில் வெள்ளை நட்சத்திரம். பிறகு உள்நாட்டுச் சண்டை. அணியின் பதிவேடுகள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியவில்லை. ஆடியவர்கள் லண்டன், டொரோண்டோ, நைரோபி என்று சிதறிவிட்டார்கள். இப்போது அந்த நாட்டுக்கு ஆடுகிறவர்களில் பலர் இப்படிச் சிதறிய குடும்பங்களில் பிறந்தவர்கள்.

"லண்டனில் அறுபது வயதான எந்தச் சோமாலியரைக் கேட்டாலும் தேசிய அணிக்கு ஆடினேன் என்பார்," என்றார் ஹோதன். "அதனால்தான் விதி வைத்தோம். களத்தில் இறங்கியதற்கு ஒரு காகிதமாவது வேண்டும். சனிக்கிழமை பட்டியலை வாசித்து எல்லோருக்கும் அணிச் சட்டை கொடுக்கிறோம். பிறகு அணியின் வரலாற்றுப் புத்தகம் அச்சுக்குப் போய்விடும். அதற்குமேல் சேர்க்க முடியாது."

"யூசுஃப் இப்போது பட்டியலில் எப்படி இருக்கிறார்?"

"அணியுடன் பயணம் செய்தவர்."

பத்மன் தமிழில் முணுமுணுத்தான்: "பை தூக்கினவர் எண்டு அர்த்தம். மற்றக் கிழவங்கள் அப்பிடித்தான் கூப்பிடுறவை."

தாளை விரித்தேன். அவர் முதலில் போனில் படம் எடுத்துக்கொண்டார், மேலிருந்து முழுத்தாளுக்கு ஒன்று, ஒவ்வோர் அணியின் பாதிக்கும் ஒன்று. பிறகு குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் வெற்றியும் இல்லை, வருத்தமும் இல்லை. ஆசிரியைகள் தப்பான விடையைப் பார்க்கிற முகம்.

"அப்பா சொன்னது சரிதான். இரண்டு பேர் ஐந்தாவது ஃபவுலில் வெளியே போய்விட்டார்கள், ஏழாவது ஆளுக்கு உடம்பு சரியில்லை, கடைசி இரண்டு நிமிடம் நான்கே பேராக ஆடி ஒரு புள்ளியில்தான் தோற்றோம் என்பார். புத்தகத்தின் முதல் அத்தியாயமே அதுதான்."

 இதே கதையை நானும் திருச்சியில் மாணவர்களுக்கு வருடா வருடம் சொல்லிவந்திருக்கிறேன். நான்கு பேராக நின்று ஆடிய ஆப்பிரிக்க அணி. சொல்லும்போதெல்லாம் கண்ணால் பார்த்ததாகவே சொன்னேன். இப்போது யோசித்தால் எனக்கு நினைவிருப்பது தாள்தான். களம் நினைவில் இல்லை.

புதன்கிழமை யூசுஃபைப் பார்க்கத் தனியாகப் போனேன். பத்மனுக்குக் காலை ஷிப்ட். டிராமில் மூன்றாவது நிறுத்தம் என்று சொல்லியிருந்தான். குரோய்டன் நடுவில் டிராம்கள் ஒரே திசையில் வட்டமடிக்கின்றன என்பதை அவன் சொல்லவில்லை; அவனுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. மூன்றாவது நிறுத்தத்தில் யூசுஃப் போனில் சொன்ன தேவாலயம் இல்லை. ஆறாவதிலும் இல்லை. பிறகு இரண்டு பக்கமும் மரங்கள் வந்தன, புல்வெளி வந்தது, டிராம் ஒரு மேட்டில் ஏறி நின்றுவிட்டது. நானும் ஒரு கிழவியும்தான் மிச்சம்.

"முடிந்தது, அன்பே. இதற்குமேல் தண்டவாளம் இல்லை," என்றார் அவர்.

வந்த வழியே திரும்பினேன். ஒரு மணி நேரம் பதினைந்து நிமிடம் தாமதம். யூசுஃப் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். ஆறடி இரண்டு அங்குலம் இருப்பார், கைத்தடியோடு. இரண்டு முழங்காலும் போய்விட்டதாம். "இந்த ஊரில் முப்பது வருடம் பஸ் ஓட்டினேன். டிராமில் ஏறினால் எனக்கும் இதே கதைதான்," என்றார். பொய் என்று தெரிந்தது. கேட்க நன்றாக இருந்தது.

இரண்டாம் மாடி வீடு. லிஃப்ட் இல்லை. அவர் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். நான் வீங்கிய காலோடு பின்னால் ஏறினேன். ஆட்டுக்கறி போட்ட சோறு, பக்கத்தில் உரிக்காத வாழைப்பழம். பழம் கடைசியில் சாப்பிட என்று நினைத்து ஒதுக்கி வைத்தேன். அவர் உரித்து, துண்டாக்கி, சோற்றோடு பிசைந்து சாப்பிட்டார். நானும் அப்படியே செய்தேன். எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது.

சாப்பிட்டு முடித்து, ஏலக்காய் மணக்கும் டீ வந்த பிறகுதான் சொன்னேன். உங்கள் பெயர் இருக்கிறது, குறி இல்லை, பட்டியல்காரப் பெண் பார்த்துவிட்டார்.

அவர் கோபப்படவில்லை. "குறி இல்லை என்பது எனக்குத் தெரியும்," என்றார்.

"எப்படி?"

"ஆட்டம் முடிந்ததும் எங்களுக்கு ஒரு பிரதி கொடுத்தீர்களே. கேப்டன்தான் முதலில் பார்த்தார். நான் அறை மூலையில் அழுதுகொண்டிருந்தேன். என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பார், நீ ஆடவே இல்லையாம், காகிதமே சொல்கிறது. நாம் நான்கு பேராக ஆடித் தோற்றோம். ஊரில் யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். அப்படிச் சொன்னார். மற்றவர்களும் சரி என்றார்கள். நானும் சரி என்றேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய நிம்மதி."

"அழும்படி என்ன நடந்தது?"

"உள்ளே போனேன். இரண்டு தடவை ஓடினேன். பந்து ஒருமுறை கையில் வந்தது. கூடைக்கு எழும்பினேன். உங்கள் அணியில் மிக உயரமானவர், மீசைக்காரர், என்னை இடுப்பில் இடித்துத் தள்ளினார். எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. யாரும் தடுக்காமல் கோட்டில் தனியாக நின்று எறிந்தேன். நாங்கள் ஒரு புள்ளி பின்னால். முதலாவது வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவது வளையத்தைத் தொடவே இல்லை. கூட்டம் சிரித்தது. அவ்வளவுதான் என் தேசிய அணி."

அந்த ஆறு பேரில் இப்போது உயிரோடு இருப்பவர் ஒருவரே. அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கேப்டன் கடைசிவரை வாக்கு மாறவில்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை.

"நீங்களே ஹோதனிடம் சொல்லலாமே?"

"சொன்னேன். என் அப்பாவைப் பொய்யர் என்கிறீர்களா என்று கேட்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் பொய்யர் இல்லை. எனக்காகச் சொன்னார்."

திரும்பும்போது சரியான டிராமில்தான் ஏறினேன். உட்கார இடமும் கிடைத்தது. கண்ணை மூடினால் மேசைதான் வந்தது. ஐந்தாவது ஃபவுல் விழும்போது ஸ்கோர் எழுதுபவருக்கு வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஃபவுலைப் பதிய வேண்டும், நடுவருக்கு ஐந்து விரல் காட்ட வேண்டும், அணியின் ஃபவுல் கணக்குக் கொடியை மேசையில் வைக்க வேண்டும், மாற்று ஆள் வந்து நின்றால் மணியடிக்க வேண்டும். குறி போடுவது கடைசி. அதற்குள் விசில் ஊதிவிட்டால் பேனா வேறு இடத்துக்குப் போய்விடும். பிறகு எத்தனையோ ஆட்டங்களில் என் பக்கத்தில் உட்கார்ந்த புதியவர்கள் இதைத் தவறவிட்டிருக்கிறார்கள். நான் அவர்களைத் திட்டியிருக்கிறேன். என்னை யாரும் திட்டவில்லை. நான் முதலிலேயே சரியானவன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

குரோய்டன் வந்ததும்தான் அது உறைத்தது. இத்தனை நாளும் நான் பார்த்தது தாளில் சோமாலிய அணிக்கான பாதியை மட்டும். இடித்தவர் எங்கள் அணிக்காரர். அந்த ஃபவுல் பதிவாகியிருப்பது தாளின் மறுபாதியில்.

அன்று களைப்பில் கண் திறக்க முடியவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், பத்மனின் சமையலறை மேசையில் தாளை விரித்தேன். வசந்தி ஷிப்ட் முடிந்து வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் அணியில் உயரமானவர், மீசைக்காரர், எட்டாம் எண். நான்கு ஃபவுல். நான்காவதற்குப் பக்கத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோ என்பதற்கான "2". அதற்குப் பிறகு சோமாலிய அணிக்குப் புள்ளி எதுவும் ஏறவில்லை. ஆக, யாரோ இரண்டையும் தவறவிட்டிருக்கிறார்கள்.

"வசந்தி, பூதக்கண்ணாடி இருக்குமா?"

"இவர் மருந்துச் சீட்டு வாசிக்கிற கண்ணாடி இருக்கு. இந்தாங்கோ."

அந்த "2"க்குக் கீழே, கடுகளவு, பென்சிலில்: 14.

எனக்கு ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஃப்ரீ த்ரோ கொடுத்தால், இடிபட்டவரின் எண்ணை இடித்தவரின் ஃபவுலுக்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதிக்கொள்ள வேண்டும். இடிபட்டவர்தான் எறிய வேண்டும். கவனிக்காவிட்டால் அணிக்காரர்கள் நைசாக நல்ல எறிகாரரைக் கோட்டில் நிறுத்திவிடுவார்கள். ஆட்டம் முடிந்து நடுவர் கையெழுத்துப் போடுமுன் பென்சிலை அழித்துவிட வேண்டும். அன்று நான் அழிக்கவும் மறந்திருக்கிறேன்.

நான் கண்ணாடியைக் கீழே வைத்ததைப் பார்த்து வசந்தி, "என்ன அண்ணை, கண்டுபிடிச்சிட்டியளோ?" என்றார்.

"கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்ப ஏன் செத்தவீட்டு முகம்?"

தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் வெங்காயத்தை விடவில்லை. "முப்பத்தேழு வருசமாப் பிழை விடாத மனிசன் எண்டு இவர் உங்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி என்னை வதைச்சவர். எனக்கு இப்பதான் நிம்மதி."

அன்று மாலையே யூசுஃபுக்குப் போன் செய்தேன். எண் கிடைத்தது என்றேன்.  ஒன்றை அவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் எழுதிக் கொடுத்தால் நீங்கள் ஆடியது மட்டும் பதிவாகாது. இரண்டையும் தவறவிட்டீர்கள், அணி ஒரு புள்ளியில் தோற்றது, அதுவும் பதிவாகும். அதை மறைத்து இதை மட்டும் எழுத முடியாது. ஒரே குறிப்பில்தான் இரண்டும் இருக்கின்றன."

"எழுதுங்கள்," என்றார்.

"யோசித்து நாளைக் காலையில் சொல்லலாம்."

"அந்த இரண்டு எறிதலையும் நான் தினமும் தவறவிடுகிறேன். பஸ் ஓட்டும்போது தவறவிட்டேன். மருத்துவமனையில் முழங்காலில் அறுவை செய்யும்போது தவறவிட்டேன். ஆடாதவனுக்கு எதற்கு இது? எழுதுங்கள்."

வெள்ளிக்கிழமை மழை. பத்மனோடு மறுபடியும் நூலகம். ஹோதன் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மன்னிக்க வேண்டும். இதைக் கேட்டே ஆக வேண்டும். செவ்வாய்க்கிழமை நீங்கள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை அவர் வீட்டில் சாப்பிட்டீர்கள். இன்று பென்சிலில் ஓர் எண் இருக்கிறது."

 முப்பத்தேழு வருடத்தில் என் தாளை யாரும் சந்தேகப்பட்டதில்லை. பத்மன் எழுந்தேவிட்டான். "பிள்ளை, இவனைப் பற்றி உனக்குத் தெரியாது," என்று தமிழிலேயே தொடங்கினான். அவனை உட்காரச் சொன்னேன். அவர் கேட்டது சரியான கேள்வி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன்.

"செவ்வாய்க்கிழமை நீங்கள் படம் எடுத்தீர்கள்," என்றேன்.

அவர் போனை எடுத்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். நகர்த்தினார். இன்னும் பெரிதாக்கினார். அவர் விரல் நின்ற இடத்தை நான் எட்டிப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

"இருக்கிறது," என்றார்.

பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "என் அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்வார். ஒரு சொல் மாறாது. மற்றக் கதைகளை ஒவ்வொரு தடவையும் மாற்றிச் சொல்வார். அதை நான் கவனிக்கவே இல்லை."

யூசுஃப் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். மூலையில் அழுதவர், பிரதியைக் கொண்டுவந்து காட்டிய கேப்டன், சரி என்ற மற்ற ஐந்து பேர். 

"அந்தக் கட்டத்தில் இப்போது நீங்கள் குறி போடலாமா?" என்று ஹோதன் கடைசியில் கேட்டார்.

"முடியாது. நடுவர் கையெழுத்துப் போட்ட பிறகு தாளில் யாரும் கை வைக்கக் கூடாது. நான் தனியாக எழுதித் தருகிறேன்."

எழுதினேன். ஆறு வரிதான். அன்றைய ஸ்கோர் எழுதியவன் நான். பதினான்காம் எண் கடைசி இரண்டு நிமிடம் ஆடினார். அவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது, இரண்டும் விழவில்லை. அவர் இறங்கியதைக் குறிக்காதது என் தவறு. ஐந்து முறை அடித்து எழுதிய பிறகு வந்த ஆறு வரி. நான் வழக்கமாக அடித்து எழுதுகிறவன் அல்ல.

சனிக்கிழமை பிற்பகல், குரோய்டனில் ஒரு சமூகக் கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரிய பாத்திரத்தில் சோறு, கூடை நிறைய வாழைப்பழம். முப்பது நாற்பது கிழவர்கள், எல்லோரும் உயரம். நடுவில் நானும் பத்மனும் இரண்டு குழந்தைகள் போல உட்கார்ந்திருந்தோம். எனக்கு மறுநாள் விமானம். உடம்பு முழுக்க வலித்தது.

முன்வரிசையில் ஃபாரா என்று ஒருவர். மூன்றாம் இடம் வந்த அணியில் ஆடியவர். அதை அவர் மறக்கவிடவும் மாட்டார். யூசுஃப் உள்ளே வந்ததும், "வா, பை தூக்கி. என் கோட்டையும் பிடி," என்றார். யூசுஃப் கோட்டை வாங்கி நாற்காலியில் போட்டார். பழகிய வேலை மாதிரி இருந்தது.

ஹோதன் பட்டியலை வாசித்தார். பெயர், எண், ஆட்டங்கள். வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக எழுந்து நீலச் சட்டையை வாங்கிக்கொண்டார்கள். சிலருக்கு மகள்கள் வந்து வாங்கினார்கள். தன் அப்பாவின் சட்டையை ஹோதனே எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு தாளைத் திருப்பாமல் நின்றார்.

"முதல் அத்தியாயத்தை மாற்றியிருக்கிறேன். இந்தியாவில் நம் அணி கடைசிவரை ஐந்து பேராகத்தான் ஆடியது. ஐந்தாவது ஆளை என் அப்பா சொல்லாமல் விட்டார். காரணத்தைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள். யூசுஃப். எண் பதினான்கு. ஓர் ஆட்டம். இரண்டு ஃப்ரீ த்ரோ. புள்ளி இல்லை."

 ஃபாரா மெல்லத் திரும்பினார்.

"ஒரு புள்ளியில் தோற்ற ஆட்டம்தானே அது?"

"ஆமாம்," என்றார் யூசுஃப்.

"இரண்டையுமா விட்டாய்?"

"இரண்டையும்."

"ஒன்று போட்டிருந்தால்கூடச் சமன் ஆகியிருக்குமே."

"ஆகியிருக்கும்."

ஃபாரா எழுந்து நின்று, அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, தன் மொழியில் ஏதோ சொன்னார். கூடம் வெடித்துச் சிரித்தது. என்ன சொன்னார் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். "இவன் பையையாவது ஒழுங்காகத் தூக்கினான்," என்று மொழிபெயர்த்தார்.

யூசுஃப் கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு முன்னால் போனார். சட்டையை வாங்கினார். தன் கோட்டைக் கழற்றப் பொறுமையில்லாமல் அதற்கு மேலேயே மாட்டிக்கொண்டார். கைகள் பாதியில் சிக்கின. ஹோதன் இழுத்துவிட்டார்.

சாப்பாடு முடியும்வரை அவர்கள் ஓயவில்லை. ஒருவர் யூசுஃபிடம் வாழைப்பழத்தைக் கொடுத்து, அந்தக் கூடையில் எறி பார்ப்போம் என்றார். அவர் எறிந்தார், விழவில்லை. இன்னொருவர் வளையம் எவ்வளவு அகலம் என்று கையை விரித்துக் காட்டினார். வேறொருவர் என்னிடம் வந்து, உண்மையிலேயே வளையத்தைத் தொடவில்லையா என்று விசாரித்தார். என் தாளில் அது இல்லை என்றேன். "தொடவில்லை, நானே சொல்கிறேனே," என்று யூசுஃப் தூரத்திலிருந்து கத்தினார்.

பத்மன் என் தோளைத் தொட்டான். "போவமே? உனக்கு நிக்கேலாமக் கிடக்கு."

"கொஞ்சம் இரு," என்றேன்.

அவர்கள் அவரை விடவில்லை. அவரும் விடச் சொல்லவில்லை.